"சுகர் டெஸ்ட்" என்று சொல்லி அழைத்து வராதீர்கள்

"சுகர் டெஸ்ட்டுக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கோம் மேடம், நீங்களும் அப்படியே பேசிடுங்க." வாசலில் நின்று காதோடு காதாக இப்படிக் கேட்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர் நான். மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளில், முதல் தடவை வருபவர்களிடம் விவரம் கேட்டு எழுதுவது என் வேலை.

வீட்டாரின் தவிப்பு புரிகிறது. ஆனால் வந்தவர் கதவில் இருக்கும் 'மனநலப் பிரிவு' பலகையைப் படித்துவிடுவார். அப்புறம் எதைக் கேட்டாலும் பதில் வராது. அடுத்த மாதம் மருந்து வாங்க வீட்டார் மட்டும் வந்து நிற்பார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். நோயின் பெயரெல்லாம் வேண்டாம். "மூணு வாரமா நீ சரியா தூங்கல, எனக்குப் பயமா இருக்கு, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றால் போதும். தூக்கம் வராத கஷ்டம் அவருக்கும்தானே தெரியும்.

ஒரு அம்மா மகனோடு வந்தபோது, மஞ்சள் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் ஒரு வரி. "ராத்திரி முழுக்க நடந்தான்." "தனியா சிரிச்சான்." "இன்னிக்கு நல்லா சாப்பிட்டான்." எப்போது தொடங்கியது, எப்போது கூடியது என்று நான் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் தேதியோடு அதில் இருந்தது. நல்லபடியாக இருந்த நாளையும் எழுதியிருந்தார் பாருங்கள், மருத்துவருக்கு அதுவும் தேவை.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், நாட்டு மருந்து உட்பட. பழைய சீட்டுகளும் வேண்டும். தைராய்டு குறைந்தாலே சோர்வும் மனவாட்டமும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோற்றில் மாத்திரை கலந்து கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் வந்ததையும் கூச்சமில்லாமல் சொல்லலாம், யாரும் திட்டமாட்டோம். தினமும் நிறையக் குடிப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று முந்தின நாள் சட்டென நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். எவ்வளவு குடிக்கிறார் என்று உள்ளதைச் சொன்னால் பாதுகாப்பாக நிறுத்த வழி செய்வார்கள்.

"சாகணும்னு தோணுச்சா?" என்று மருத்துவர் கேட்பார். கூட வந்தவர்கள் பதறுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஒருவர் கேட்டதே ஆறுதலாகி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்தவர் தனியாகப் பேச விரும்பினால் வீட்டார் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். சொன்னதை ரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அதே சட்டம் கருதுகிறது. அதனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து அதை மறைக்காதீர்கள்.

அந்த எண்ணம் இப்போதே இருக்கிறது என்றால் மருத்துவர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.