இடைமறிப்பு: சொல் விளக்கம்

தொலைபேசிப் பேச்சு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதுவானாலும், அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவே அரசு அதை எடுத்துக் கேட்பதையும் படிப்பதையும் இந்தியச் சட்டம் 'இன்டர்செப்ஷன்' என்கிறது. தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. செய்தித்தாள்கள் 'ஒட்டுக்கேட்பு' என்று எழுதுகின்றன, பேச்சில் 'டேப்பிங்' என்கிறோம், சட்டத் தமிழில் 'இடைமறிப்பு' வருகிறது.

பீப்பாயில் துளையிட்டு, அடைப்பு முளையைச் செருகி, உள்ளே இருப்பதை வேண்டும்போது வடித்தெடுப்பதிலிருந்து பிறந்தது 'டேப்' (tap). தந்திக் கம்பியோடு இன்னொரு கம்பியைச் சேர்த்து ஓடும் செய்தியை எடுக்கத் தொடங்கியபோது அந்தச் சொல் அங்கும் போனது. குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுவதை 'டேப்பிங்' என்பதும் இதே சொல்தான். இன்று யாரும் கம்பியைத் தொடுவதில்லை. ஆணை தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறுப்பு அலுவலரிடம் போகிறது, நிறுவனத்தின் கருவியிலிருந்தே பேச்சின் நகல் விசாரணை அமைப்புக்குச் சேர்கிறது.

'ஒட்டுக்கேட்பு' என்பது சுவரையோ கதவையோ ஒட்டி நின்று, பேசுபவர் அறியாமல் கேட்பது. 'ஒற்றுக்கேட்டல்' என்று எழுதுவோரும் உண்டு, அதுவும் பிழையல்ல. ஒற்று என்பது உளவு; ஒற்றுதல் உளவறியும் வினை. 'ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்று குறள் பெயரையும் வினையையும் ஒரே அடியில் தருகிறது. இரண்டு வடிவத்திலும் குறை ஒன்றே: அவை கேட்பதை மட்டும் சொல்கின்றன. சட்டமோ படிப்பதையும் பதிவதையும் சேர்த்துப் பேசுகிறது.

'இன்டர்செப்ட்' லத்தீனிலிருந்து வந்தது. இன்டர் என்றால் இடை, கபேரே என்றால் பிடி, கவர். 'மறி' என்பதற்குத் தடுத்து நிறுத்து என்று பொருள். அதனால் இடைமறிப்பு என்றதும் செய்தி போய்ச் சேராமல் நிற்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அது தடையின்றிப் போய்ச் சேர்கிறது. மூன்றாம் ஆளும் கேட்கிறார் என்பதுதான் வேறுபாடு. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பிரிவு 5(2)இல் செய்தியை அனுப்பாமல் விடுவது, இடைமறிப்பது, நிறுத்திவைப்பது, அரசுக்கு வெளிப்படுத்துவது என்று நான்கு செயல்களைத் தனித்தனியே சொன்னது. பொருளுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 'இடைக்கவர்வு' இன்னும் பொருந்தும். ஆனால் 'இடைமறிப்பு' வேரூன்றிவிட்டது. சட்டப் பொருளில் அதையே எழுதலாம். அனுமதியின்றி நடப்பதற்கு 'ஒட்டுக்கேட்பு' போதும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், இடைமறிப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. அது மீறப்பட்டால் நீதிமன்றத்தில் கேட்க முடியும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, இடைக்கால விதிகளையும் வகுத்தது. அவற்றின் வழியில் வந்ததுதான் தந்தி விதி 419ஏ. இப்போது அந்த இடத்தில் இருப்பவை தொலைத்தொடர்புச் சட்டம், 2023இன் பிரிவு 20(2)உம், அதன்கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும்.

ஆணையிட வேண்டியவர் ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலாளர். தவிர்க்க முடியாத நிலையில் மட்டும், அதிகாரம் தரப்பட்ட இணைச் செயலாளர் நிலை அலுவலர் ஆணையிடலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆணை 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. அவசரத்தில் விசாரணை அமைப்பே தொடங்கிவிட்டால் 3 வேலை நாளுக்குள் தெரிவித்து, 7 வேலை நாளுக்குள் உறுதி பெற வேண்டும். பெறாவிட்டால் நிறுத்த வேண்டும்; அதுவரை எடுத்ததைச் சாட்சியமாகவும் பயன்படுத்தக் கூடாது. ஆணையின் நகல் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். ஒன்றியத்தில் அமைச்சரவைச் செயலாளரும் மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் அதன் தலைவர்கள்.

எந்தக் கட்டத்திலும் நீதிபதி இல்லை. ஆணையிடுபவரும் அதைச் சரிபார்ப்பவரும் அரசுச் செயலாளர்களே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு, ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது. அவ்வளவையும் படிப்பது நடக்கிற காரியமல்ல. கேட்கப்பட்டவருக்குப் பின்னாளில்கூடத் தகவல் தரப்படுவதில்லை. குற்ற வழக்கில் பதிவு வெளிவந்தால்தான் அவருக்கே தெரியும். பதிவேடுகளையும் 6 மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட விதி சொல்கிறது. தனியுரிமைக்காக எழுதப்பட்ட அந்த விதியே, முறைகேட்டின் தடயத்தையும் சேர்த்து அழிக்கிறது.

இடைமறிப்பு ஆணைக்கு அடிப்படை நிபந்தனை பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு. அது இருந்த பிறகே நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டலைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்குள் போக முடியும். லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011இல் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணையை, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தது இந்த நிபந்தனையை வைத்துத்தான். சாதாரணக் குற்ற விசாரணை இதற்குள் வராது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். எடுத்ததை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததும் விதிமீறல் என்றார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்புக்குள் வரும் என்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்திருந்தது.

கணினித் தகவலுக்கு வேலி இன்னும் தாழ்வு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 69இல் பொது நெருக்கடி என்ற வாசகமே கிடையாது. 'எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும்' என்பது காரணங்களில் ஒன்று. மறைகுறியை (என்கிரிப்ஷன்) நீக்கித் தரும்படி ஆணையிட்டும் ஒத்துழைக்காதவருக்கு 7 ஆண்டு வரை சிறை. ஒரே ஆள் ஒரே செய்தியைத் தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலில் எழுதினாலும் அந்தரங்கம் ஒன்றுதான். பாதுகாப்பு வேறுபடுவதற்கு நியாயம் தெரியவில்லை.

செய்தி எழுதுவோர் அதிகம் குழப்பும் இடம் அழைப்பு விவரப் பதிவு, அதாவது சிடிஆர். யார், யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம், எந்தச் செல்பேசிக் கோபுரத்தின் கீழ் பேசினார் என்ற பட்டியல் அது. பேச்சு அதில் இல்லை, ஆகவே அது இடைமறிப்பு அல்ல. உள்துறைச் செயலாளரின் ஆணையும் வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94இன்கீழ் காவல்துறை கேட்டுப் பெறலாம். சில மாதப் பட்டியல் போதும், ஒருவர் எந்த மருத்துவரைப் பார்க்கிறார், எந்தச் செய்தியாளரோடு பேசுகிறார், இரவில் எங்கே தங்குகிறார் என்பதெல்லாம் விளங்கிவிடும். அதை ஒட்டுக்கேட்பு என்று எழுதினால் 'பேச்சைக் கேட்கவில்லை' என்று அரசு எளிதாக மறுத்துவிடும், அந்த மறுப்பு உண்மையாகவும் இருக்கும். 'அழைப்பு விவரம் எடுக்கப்பட்டது, எந்தப் பிரிவின்கீழ், யார் கேட்டு?' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.