குழாய் வேறு, எல்போ வேறு

பிளம்பிங் கடையில் பிவிசி குழாயையும், அதைத் திருப்பி இணைக்கும் வளைவுத் துண்டான எல்போவையும் சேர்த்தே வாங்குகிறோம். இரண்டின் பிளாஸ்டிக்கும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளம்தான் வேறு. எல்போ செய்யும்போது உருகிய பிசின் ஒடுங்கிய வழியே பாய்ந்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும். நீளச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு திணறும். அதனால் குழாய்க்குக் கே மதிப்பு (சங்கிலி நீளத்தைக் காட்டும் எண்) 67 அளவிலுள்ள பிசின், எல்போவுக்கு 57 அளவிலுள்ள குட்டைச் சங்கிலிப் பிசின்.

குட்டையாக்குவது எளிது. பிவிசியின் மூலப்பொருளான வினைல் குளோரைடை நீரில் துளிகளாகக் கலக்கி, அழுத்தக் கலனில் வினைபுரிய விடுகிறார்கள். 57 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் குழாய்க்கான நீளம் வரும். 70 டிகிரிவரை ஏற்றினால் சங்கிலிகள் சீக்கிரமே நின்றுவிடும்.

ஆனால் அந்தச் சூட்டில் சங்கிலியின் வளரும் நுனி சில சமயம் பின்னால் மடங்கி, தன் உடலிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அந்த இடத்தில் கிளை முளைக்கிறது. கிளை பிரியும் கார்பனில் இருக்கும் குளோரினுக்குப் பிடிப்பு குறைவு. பிறகு எல்போ வார்க்க 180, 190 டிகிரிக்குச் சூடாக்கும்போது முதலில் கழல்வது அதுதான். பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாக அது வெளியேற, அங்கே இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. அதனால் அடுத்த குளோரினும் தளர்கிறது. அரிசி மூட்டையின் வாய்த்தையலில் சரியான நூலை இழுத்தால் சரசரவென்று பிரியுமே, அப்படித்தான். போதாக்குறைக்கு, வெளியேறிய அமிலமே இந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. பிளாஸ்டிக் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்துப்போகும்.

கால்சியம்-துத்தநாகம், வெள்ளீயச் சேர்மங்கள் போன்ற நிலைப்படுத்திகள் அமிலத்தை உறிஞ்சி, தளர்ந்த குளோரின் இருந்த இடத்தையும் நிரப்புகின்றன. அவை கட்டாயம் தேவை. ஆனாலும் பழுதைப் பிறப்பிலேயே குறைப்பதுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. அதற்கு மெர்காப்டோஎத்தனால் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலனில் சேர்க்கிறார்கள். அதன் கந்தகத்தோடு ஒட்டிய ஹைட்ரஜன் எளிதில் கழலும். வளரும் நுனி அதை வாங்கிக்கொண்டு நின்றுவிட, கந்தக முனையிலிருந்து புதுச் சங்கிலி தொடங்குகிறது. சூட்டை அவ்வளவு ஏற்றாமலே குட்டைச் சங்கிலி கிடைத்துவிடுகிறது, கிளைகளும் குறைகின்றன. அளவு மிஞ்சினால் வினையே மந்தமாகிவிடும்.

அப்புறம், பிளாஸ்டிக் சூட்டை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்ற சோதனை. மாதிரியைக் கண்ணாடிக் குழாயிலிட்டுச் சூடாக்கி, மேலே காங்கோ சிவப்புத் தாளைத் தொங்கவிடுகிறார்கள். அமிலம் பட்டுத் தாள் நீலமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.