மொட்டை மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது?

அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தால் போதும், பெங்களூரின் பள்ளத்துத் தெருக்களில் இருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பாத்ரூம் வழியா சாக்கடைத் தண்ணி மேல வருது." போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக் குழாயில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு மேட்டில் இருக்கும் வீடுகளில். மொட்டை மாடியில் இருந்து இறங்கும் 4 அங்குல மழைக்குழாயை நேராக யூஜிடி (பாதாளச் சாக்கடை) சேம்பரில் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசி வைத்திருப்பார்கள். வீடு கட்டும்போதே மேஸ்திரி செய்துகொடுத்த வசதி! ஓனருக்கே பாதி நேரம் தெரியாது.

தெரிந்தவர்களிடம் கேட்டால் வருகிற பதில்தான் எரிச்சல். "மழைத்தண்ணி போனா லைன் நல்லா கழுவி சுத்தமாயிடும் சார்." ஆகாது. கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரே மழையில் 20 மி.மீ. பெய்வது நம் ஊரில் அதிசயமில்லை. அதில் உங்கள் மாடி மட்டும் 1,800 லிட்டருக்கு மேல் இறக்கும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 540 லிட்டர் செலவாகும், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று வைத்தால் 430 லிட்டர் சொச்சம். அதாவது, நாலு நாள் சாக்கடையை அரை மணியில் தள்ளுகிறீர்கள். தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால், கழிவுக்கு மட்டும் போட்ட 6 அங்குல, 9 அங்குலக் குழாய் என்ன செய்யும்? நிரம்பும். நிரம்பிய தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, பள்ளத்து வீட்டுக் கக்கூஸ் வழியாகத்தான் வெளியே வரும்.

கழுவுவதும் பொய். மாடியில் இருக்கும் மண், இலை, தொட்டிச் செடி மண் எல்லாம் தண்ணீரோடு இறங்குகிறது. மழை விட்டு ஓட்டம் தணிந்ததும் குழாயின் அடியில் படிகிறது. அடுத்த வாரம் "லைன் பிளாக்" என்று புகார் வருவது அதனால்தான். அங்கேயும் முடியவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தால் தாங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் வந்தால் மீதி அப்படியே ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாயில் கலந்து ஏரிக்குப் போகும். நுரை பொங்கிய பெள்ளந்தூர் ஏரியை டிவியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் தங்கள் சேம்பர் மூடியை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

சோதனைக்குச் செலவே இல்லை. இரண்டு பக்கெட் தண்ணீரில் தாராளமாக மஞ்சள்தூள் கலந்து மாடி வடிகால் துளையில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பர் மூடியைத் திறந்து, எட்டி நின்று பார்க்கட்டும். மஞ்சள் தண்ணீர் வந்தால் குழாய் தப்பான இடத்தில் முடிகிறது. சேம்பருக்குள் தலையை நீட்டாதீர்கள், விஷவாயு இருக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். "ஐந்நூறு ரூபாய் கொடுத்தா இறங்கிடுவான்" என்று யாராவது சொன்னால் அவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கூடவே பாருங்கள். பால்கனியில் வாஷிங் மெஷின் வைத்து, அதன் தண்ணீரை அருகில் ஓடும் மழைக்குழாயில் இணைத்திருக்கிறார்களா? நேர்மாறான தப்பு இது: சோப்புத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. ஏரியில் பொங்கும் நுரையில் அதற்கும் பங்கு உண்டு. மெஷின் தண்ணீர் யூஜிடிக்கு, மழைத்தண்ணீர் சம்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு. இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

திருத்துவது ஒரு பிளம்பரின் ஒரு நாள் வேலை. தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் குழாயை வெட்டி ஒரு 'டீ' போடுங்கள். ஒரு கை, வால்வோடு தோட்டத்துக்கோ சாலையோர மழைநீர்க் கால்வாய்க்கோ. இன்னொரு கை வடிகட்டி டிரம்முக்கு, அங்கிருந்து சம்புக்கு. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் வால்வு திறந்திருக்கட்டும், புறா எச்சமும் தூசியும் அதோடு போகும். ஓரடிக் குழாயில் மூடி போட்டு அதையே முதல் மழையை ஒதுக்கும் கருவி என்று விற்கிறார்கள். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும், உங்கள் மாடியில் முதல் 1 மி.மீ. மழையே 93 லிட்டர். டிரம் 200 லிட்டர். அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, மேலே பெருமணல். எம்-சாண்ட் (பாறையை அரைத்த மணல்) போடுவதாக இருந்தால் பொடி போகும்வரை அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்கே அடைத்துக்கொள்ளும். மேல்மணலை வருடம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். கழுவாமல் "வடிகட்டி வேலை செய்யல" என்று குறை சொல்லக் கூடாது.

சம்பு நிரம்பி வழிவது உறிஞ்சு கிணற்றுக்கு. 3 அடி விட்டம், 20 அடி ஆழம், சிமெண்ட் ரிங். ரிங்குகளின் இணைப்பில் பூச்சு வேண்டாம், வெளிச்சுற்றில் ஜல்லி, அடியில் காங்கிரீட் கூடவே கூடாது. உள்ளே ஜல்லியைக் கொட்டி நிரப்பாதீர்கள். காலியாக இருந்தால் 4,000 லிட்டர் பிடிக்கும், ஜல்லி போட்டால் பாதிகூடப் பிடிக்காது. மேலே கனமான மூடி. தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அவர்களைக் குழிக்குள் இறக்காதீர்கள், ஜனவரி, பிப்ரவரியில் தோண்டுங்கள். சேம்பருக்கும் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டுக்கும் ஒட்டினாற்போல இடம் காட்டாதீர்கள்.

தயவுசெய்து போர்வெல் வாயில் மட்டும் மாடிக் குழாயை விடாதீர்கள். மண்ணில் வடிகட்டப்படாத, எச்சம் கலந்த தண்ணீர் நேராகப் பாறை இடுக்குக்குப் போகும். அதே இடுக்கில் இருந்துதான் பக்கத்துத் தெருவும் குடிக்கிறது.

"அபராதம் கட்டிக்கிறேன், விடுங்க" என்பவர்களுக்கு: 2009 முதல் இங்கே மழைநீர் சேகரிப்பு சட்டம். அது கிடக்கட்டும். வருடம் சராசரி 970 மி.மீ. மழை, 1,000 சதுர அடி மாடியில் வீணாவது போக 70,000 லிட்டர் தேறும். 6,000 லிட்டர் டேங்கர் பதினொன்று. 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் ஒரு டேங்கருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கும்தானே? காவிரியோ, சுமார் 100 கி.மீ. தள்ளி இருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிவரும் தண்ணீர்.

வாடகை வீடு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். மாடியைப் பெருக்கவும் மஞ்சள் தண்ணீர் ஊற்றவும் ஓனர் உத்தரவு தேவையில்லை. மழைக்குழாயை வெட்டி எடுத்த பிறகு சேம்பரில் மிச்சமிருக்கும் ஓட்டையைத் துணி வைத்து அடைக்காமல், மூடி போட்டு சிமெண்ட் பூசச் சொல்லுங்கள். துணியைக் கரப்பானும் எலியும் ஒரே மாதத்தில் தீர்த்துவிடும். ஏப்ரல் கோடை மழைக்கு முன் முடித்தால் பருவமழைக்குள் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க நேரம் இருக்கும். பெரிய மழை செப்டம்பரில்தான் வரும்.