ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

மகளின் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு கப்கேக். மதுரையில் மே மாதம், மாலை நான்கு மணி. வெண்ணெயும் ஐசிங் சுகர் என்ற பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த பட்டர்கிரீமைப் பையில் நிரப்பி, ஸ்டார் நாசில் என்ற நட்சத்திரத் துளை முனை வழியாக முதல் கப்கேக்கின் மேல் பிழிந்தபோது மடிப்பு மடிப்பாக, ரோஜா மாதிரி அழகாகத்தான் வந்தது. மூன்றாவதைத் தொடுவதற்குள் முதலாவதின் மடிப்புகள் மழுங்கத் தொடங்கின. ஆறாவதை முடித்தபோது முதல் இரண்டும் வழிந்து, காகிதக் கிண்ணத்தின் ஓரத்தில் தேங்கிக் கிடந்தன. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முறுக்கு மாவுல தண்ணி கூடிப்போனாப்ல இருக்கு?" என்றார்.

அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. முறுக்கு அச்சும் பைப்பிங் பையும் செய்வது ஒரே வேலை. நட்சத்திரத் துளை வழியாக ஒன்றைத் தள்ள வேண்டும். துளைக்குள் இருக்கும்வரை அது ஓட வேண்டும், வெளியே வந்ததும் அப்படியே நிற்க வேண்டும். முறுக்கை எண்ணெய் பிடித்து நிறுத்திவிடும். பட்டர்கிரீமைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, அது தன் பலத்தில்தான் நின்றாக வேண்டும். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது, ஏன் போய்விடுகிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் என் கப்கேக்குகள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கின.

நாம் 'கெட்டி' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு குணங்களைச் சொல்கிறோம். தேனும் கெட்டி, வெண்ணெயும் கெட்டி. ஆனால் ஒரு தட்டில் ஒரு துளி தேனையும் ஒரு சிட்டிகை வெண்ணெயையும் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். தேன் மெதுவாகப் பரவி மட்டமாகிவிடும். அது தயங்கி ஓடுகிற திரவம், அவ்வளவுதான். எவ்வளவு சிறிய விசைக்கும் அது கொஞ்சமாவது அசைந்து கொடுக்கும். வெண்ணெய் வைத்த வடிவத்திலேயே இருக்கும். கத்தியால் அழுத்தினால் மட்டும் வழுக்கிக்கொண்டு நகரும், கத்தியை எடுத்தால் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட விசை வரைக்கும் திண்மம், அதைத் தாண்டினால் திரவம். அந்த எல்லையை இங்கே 'இளகும் வரம்பு' என்று சொல்லிக்கொள்கிறேன்.

பற்பசை, தக்காளி சாஸ், சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் எல்லாம் இந்த வகைதான். அமெரிக்காவில் லாஃபாயெட் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த யூஜின் பிங்காம், பெயிண்ட்டை வெறும் திரவமாக எண்ணக் கூடாது, அது ஒரு வரம்பு வரை அசையாமல் நிற்கும் பொருள் என்று 1919-இல் எடுத்துக் காட்டினார். பிரஷ் இழுக்கும்போது ஓடி, சுவரில் பட்டதும் நிற்பது அதனால்தான். பொருள்கள் எப்படி ஓடுகின்றன, எப்படி உருமாறுகின்றன என்று படிக்கும் துறைக்கு ரியாலஜி என்ற பெயர் அவர் வழியாகத்தான் வந்தது. இப்படி வரம்பு வரை நின்று, பிறகு ஓடும் பொருள்களை இன்றும் பிங்காம் பொருள்கள் என்றே அழைக்கிறார்கள்.

சரி, நம் கப்கேக்குக்கு எவ்வளவு வரம்பு வேண்டும்? பட்டர்கிரீமுக்கும் தண்ணீரின் அடர்த்திதான் என்று வைத்துக்கொள்வோம். 4 செ.மீ. உயரத்துக்குச் சுற்றினால், அடி அடுக்கின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 4 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடைதான். ஆனால் அந்த எடை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வரம்பு அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலும் போதும், கோபுரம் சரியும். வரம்பு மிக அதிகமாக இருந்தாலோ கை வலிக்கும், நாசில் ஓரத்தில் கிரீம் கிழிந்து கிழிந்து வரும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு குறுகிய இடம்.

அந்த இடத்தைத் தீர்மானிப்பது வெண்ணெய்க்குள் இருக்கும் கொழுப்புப் படிகங்கள். கடையில் வாங்கும் வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு, சுமார் 16 சதவீதம் தண்ணீர். அந்தக் கொழுப்பு ஒரே பொருள் அல்ல, வெவ்வேறு வெப்பநிலையில் உருகும் பல கொழுப்புகளின் கலவை. அதனால் வெண்ணெய் பனிக்கட்டி மாதிரி ஒரே புள்ளியில் சட்டென்று உருகுவதில்லை. ஃபிரிட்ஜின் 5 டிகிரியில் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி திண்மமாக இருக்கும். 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான். 34, 35 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்த ஐந்தில் ஒரு பங்குப் படிகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கட்டட வேலைக்குக் கட்டுவது மாதிரி, கண்ணுக்குத் தெரியாத சாரம் ஒன்றைக் கட்டி நிற்கின்றன. மீதி எண்ணெய் அந்தச் சாரத்தின் இடுக்குகளில் தங்கியிருக்கிறது. சாரம் உள்ளவரை வெண்ணெய் நிற்கும். பிழியும்போது சாரம் அங்கங்கே உடைந்து வழிவிடும், விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

அன்று என் சமையலறையில் என்ன நடந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? அறையே 34 டிகிரி. சாரமே இல்லை.

அப்போது நான் செய்தது, பெரும்பாலானோர் செய்வதுதான். இன்னும் கொஞ்சம் ஐசிங் சுகரைக் கொட்டினேன். சர்க்கரைத் துகள்களும் நெருக்கியடித்து நின்று ஓட்டத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாரம் கரைந்துபோன இடத்தில் சர்க்கரை சேர்த்தால் கிடைப்பது எண்ணெயில் குழைத்த சர்க்கரை. வாயில் வைத்தால் நறநறவென்று திகட்டும், நிற்பதும் இல்லை. கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடி அடிப்பதுதான் சரியான வைத்தியம். படிகங்கள் திரும்ப உருவாக வேண்டும், வேறு வழி இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கிரீம் இறுக்கமாக இருக்கிறதே என்று பால் ஊற்றுவோம். ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி. பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் கிண்ணமே தளர்ந்துவிடும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நானே வியந்தேன். பாலில் பெரும்பகுதி தண்ணீர், 15 மில்லியில் சுமார் 13 கிராம். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் இரண்டு கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். ஆக, தாங்கி நின்ற 26 கிராம் சர்க்கரைத் துகள் காணாமல் போய்ப் பாகாகிவிடுகிறது. நீங்கள் ஊற்றியது ஒரு கரண்டி, உள்ளே உருவானது ஏறக்குறைய இரண்டு கரண்டி திரவம். அதனால் பாலைத் தேக்கரண்டியால், அதுவும் பாதிப் பாதியாகத்தான் விட வேண்டும். வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயில் இந்தத் தொல்லை முன்கூட்டியே காத்திருக்கும். அதில் மோர்த்தண்ணீர் கூடுதலாக ஒளிந்திருக்கும், எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. குளிர்ந்த நீரில் பிசைந்து, நன்றாகப் பிழிந்து வடித்துவிட்டுப் பயன்படுத்தினால் பரவாயில்லை.

200 கிராம் வெண்ணெய்க்கு 400 கிராம் ஐசிங் சுகர் என்பது வழக்கமான அளவு. சர்க்கரையைப் போடுவதற்கு முன் வெண்ணெயை மட்டும் ஐந்து நிமிடம் பீட்டரால் அடியுங்கள். மஞ்சள் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். நிறம் எங்கும் போகவில்லை, நுண்ணிய காற்றுக் குமிழ்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அந்தக் குமிழ்களைச் சுற்றிக் காவல் நிற்பதும் அதே கொழுப்புப் படிகங்கள்தான். வெண்ணெய் உருகியிருந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது. கல்லாக இருந்தால் காற்று உள்ளேயே போகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. 18 முதல் 20 டிகிரி என்பதன் சமையலறை மொழிபெயர்ப்பு இதுதான்.

காற்றிலும் பெரிய குமிழ் ஆகாது. பிழிந்துகொண்டிருக்கும்போது 'டப்' என்று வெடித்து வரிசை அறுந்துபோவது அதனால்தான். கடைசி இரண்டு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் அடித்து, பிறகு கரண்டியின் முதுகால் கிண்ணச் சுவரோடு தேய்த்தால் பெரிய குமிழ்கள் உடைந்துவிடும்.

இனி நாசிலுக்குள் போவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. ஒரு பையில் இடது பாதி வெள்ளை, வலது பாதி இளஞ்சிவப்பு கிரீமை நிரப்பிப் பிழியுங்கள். அத்தனை நெருக்கடியான துளை வழியாக வந்தும் இரண்டு நிறமும் கலக்காமல், பிரித்துக் கோடு போட்ட மாதிரி வரும். பிழிந்த வரிசையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் எல்லை கூர்மையாகவே இருக்கும். நாசிலின் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் உராய்வு விசை இளகும் வரம்பைத் தாண்டுகிறது. அந்தப் படலம் மட்டும் ஓடுகிறது. நடுப்பகுதி உடையவே இல்லை, ஒரு தக்கை மாதிரி முழுசாக வழுக்கிக்கொண்டு வருகிறது. மூன்று நிறப் பற்பசையில் கோடுகள் கலையாமல் வருவதும் இப்படித்தான். நட்சத்திரத்தின் பற்கள் அந்தத் தக்கையில் பள்ளம் கீறி அனுப்புகின்றன, வரம்பு சரியாக இருந்தால் பள்ளம் அப்படியே தங்கிவிடும். தேனை இதே நாசிலில் விட்டால் நட்சத்திரம் வெளியே வந்த நொடியில் உருண்டையாகிவிடும்.

துளை பாதியானால், அதே நீளத்துக்கு ஓட்டத்தைத் தொடங்கத் தேவைப்படும் அழுத்தம் இரண்டு மடங்காகும். ரோஜாவுக்குச் சரியாக இருந்த கிரீம், பெயர் எழுதும் ஊசித் துளையில் அடம்பிடிப்பது அதனால்தான். எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் தனியாக எடுத்து அரைத் தேக்கரண்டி பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். எழுத்துக்கு உயரம் கிடையாது, வரம்பு குறைந்தாலும் சரியாது. ஐசிங் சுகரைச் சலிக்காமல் போட்டிருந்தால் ஒரே ஒரு கட்டி போதும், ஊசித் துளை அடைத்துக்கொள்ளும்.

பையை ஏன் பாதிதான் நிரப்பச் சொல்கிறார்கள்? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பை பருமனாக இருந்தால் கையின் பலம் பெரிய பரப்பில் பரவி வீணாகும். சிறிய பையில் அதே பலத்துக்கு அதிக அழுத்தம் கிடைக்கும். அதோடு நம் உள்ளங்கையே ஒரு சின்ன அடுப்பு. அதன் தோல் முப்பது டிகிரிக்கு மேல். பத்து நிமிடம் பிடித்திருந்தால் பையின் ஓரத்துக் கிரீம் இளகி, எண்ணெய் மின்னிக்கொண்டு வர ஆரம்பிக்கும். நான் இப்போது இரண்டு சின்னப் பைகள் வைத்துக்கொள்கிறேன். ஒன்று கையில் இருக்கும்போது மற்றொன்று ஃபிரிட்ஜில் இருக்கும்.

முடிக்கும் விதத்திலும் வரம்பு உதவுகிறது. தண்ணீர்க் குழாயை மூடிய பிறகும் சொட்டும். கிரீம் அப்படி இல்லை, அழுத்தம் வரம்புக்குக் கீழே போனால் நின்றுவிடும். ஆகவே முதலில் பிழிவதை முழுசாக நிறுத்திவிட்டு, நாசிலை லேசாக உள்ளே அமுக்கி, பிறகு நேராக மேலே எடுங்கள். இழை நீண்டு, மெலிந்த இடத்தில் அறுந்து, கூர்முனை கிடைக்கும். பிழிந்துகொண்டே தூக்கினால் வால் நீண்டு மடங்கி விழும்.

வெயில் காலத்தில் வெளியில் வைத்துப் பரிமாறுவதாக இருந்தால் வெண்ணெய் மட்டும் போதாது. பேக்கரிகள் வனஸ்பதியையோ தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீமையோ நாடியதற்கு விலை மட்டும் காரணமல்ல. இத்தகைய கொழுப்புகளை, வெண்ணெய் உருகும் சூட்டிலும் படிகச் சாரம் தங்கும்படி வடிவமைக்க முடியும். ஆனால் வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு என்ற கேடு இருந்தது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அப்படியும் என் வீட்டில் நான் வெண்ணெயைத்தான் வைத்திருக்கிறேன். நாக்கில் பட்டதும் உருகுகிற அந்தச் சுகம் உருகுநிலை குறைவாக இருப்பதால் கிடைப்பது. அறையில் உருகுவதும் வாயில் உருகுவதும் ஒரே குணம்தான்.

அப்புறம், கப்கேக் முழுசாக ஆறியிருக்க வேண்டும். மேலே தொட்டால் ஆறின மாதிரி இருக்கும், நடுவில் சூடு இருக்கும். ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

அலங்கரித்து ஃபிரிட்ஜில் வைத்ததை எடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று, குளிர்ந்த கிரீமைத் தொட்டதும் பனித்துளியாகப் படியும். அந்தத் துளியும் பால் கரண்டி செய்த வேலையைத்தான் செய்யும். மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்துப் பாகாக்கும், நிறம் கசியும், மடிப்பு மழுங்கும். டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்தால் பனி டப்பாவின் மேல் படிந்துவிட்டுப் போகும். ஒரு துணியால் டப்பாவைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு மூடியைத் திறக்கலாம்.