கொலோரும்: செபத்தில் பிறந்து தெருவுக்கு வந்த சொல்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இன்று 'கொலோரும்' என்றால் பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றும் வண்டி. இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முடிவு செய்ய, சொல் வந்த வழி தெரிய வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஆணைப்படி, பிடிபட்டால் ஜீப்னிக்கு (ஜீப் வடிவப் பயணிகள் வண்டி) 50,000 பெசோ அபராதம், பேருந்துக்கு 10 லட்சம்.

லத்தீனில் 'கொலோரும்' என்ற வடிவத்துக்கு 'நிறங்களின்' என்று பொருள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நிறத்தில் வேர் தேடுவது வீண். வேர் இருப்பது கத்தோலிக்க லத்தீன் செபத்தின் முடிவில்: 'பெர் ஓம்னியா சேக்குலா சேக்குலோரும்'. 'சேக்குலும்' என்றால் யுகம். 'ஓரும்' வேற்றுமை விகுதி, நம் '-களின்' போல. லத்தீன் அறியாத உழவர் வாயில் முன்னசை உதிர்ந்து 'குலோரும்' நின்று, 'கொலோரும்' ஆனது. நம் கத்தோலிக்கச் செபத்தில் அதே இடத்தில் வருவது 'என்றென்றும்'.

சொல்லுக்குப் பின்னே ஒரு சபை. தயாபாஸ் மாகாணத்து லுக்பானைச் சேர்ந்த அப்போலினாரியோ தெ லா குருஸ், 'எர்மானோ புலே' (சகோதரர் புலே), பூர்வகுடி என்பதால் துறவற சபையில் இடம் மறுக்கப்பட்டவர். 1832-இல் சூசையப்பர் பெயரில் பக்த சபை தொடங்கினார். மாதச் சந்தா ஒரு ரெயால் (ஸ்பானிய நாணயம்). கூட்டம் மாதந்தோறும் 19-ஆம் தேதி, சூசையப்பர் திருநாள் மார்ச் 19 அல்லவா! ஸ்பானியருக்கும், புலேயின் அனுமதியின்றிக் கலப்பினத்தாருக்கும் இடமில்லை. அன்று நாட்டை ஆண்ட ஸ்பானிய அதிகாரிகளை உறுத்தியது இதுதான். முறையாக அங்கீகாரம் கேட்டுப் போட்ட மனுக்கள் தள்ளப்பட்டன. 1841 அக்டோபரில் மோதலில் மாகாண ஆளுநரே மாண்டார். நவம்பர் 1 அன்று அலிதாவோவில் படை புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 4-ஆம் தேதி புலேக்கு மரண தண்டனை. தப்பியவர்கள் பனஹாவ், சான் கிறிஸ்தோபல் மலைகளில் ஒதுங்கினர். அவர்கள் வழிவந்தோருக்கே பின்னர் கொலோரும் என்ற பெயர் ஒட்டியது.

பின்னர் வந்த அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் அது காவல்துறையின் வசைச்சொல்லாகிவிட்டது. தாயத்து (அங்கே 'ஆன்டிங்-ஆன்டிங்') கட்டிய எந்த உழவர் கூட்டமும் கொலோரும்தான். 1923-24 சுரிகாவ் எழுச்சி, 1931 ஜனவரியில் பெத்ரோ கலோசா தலைமையில் பங்கசினான் தாயுக்கில் நடந்தது, இரண்டுமே அந்தக் கணக்கில் சேர்ந்தன. குண்டு துளைக்காது என்ற நம்பிக்கை துப்பாக்கி முன் நிற்கவில்லை. தாயுக் ஒரு நாளைத் தாண்டவில்லை. நிலமும் குத்தகையும் தந்த கசப்பைப் பார்க்காமல் 'மதவெறி' என்று முடித்தது சோம்பேறித்தனம்.

அனுமதியில்லாத சபைக்கு வைத்த பெயர் அனுமதியில்லாத வண்டிக்குப் போனதில் வியப்பில்லை. தமிழில் எழுதும்போது இயக்கத்துக்குக் 'கொலோரும்' என்றே வைத்து, முதல் இடத்தில் 'உழவர் சமய இயக்கம்' என விளக்கினால் போதும். 'கலகக்காரர்' வேண்டாம், அது ஆட்சியாளர் பார்வை. வண்டிக்கு 'பெர்மிட் இல்லாத வண்டி'.