ஏணையிலிருந்து ஆடாத தொட்டிலுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் பல ஏணையில்தான், அதாவது தொங்கக் கட்டிய துணித் தூளியில்தான், தூங்கிப் பழகுகின்றன. நாலு பக்கமும் கம்பித் தடுப்பு வைத்த தொட்டிலில் போட்ட முதல் நாளே வீறிட்டு அழுவது பிடிவாதம் அல்ல. ஏணையில் ஆட்டம் இருந்தது, துணியின் அணைப்பு இருந்தது, உடம்பு சுருண்டு கிடந்தது. மூன்றும் ஒரே ராத்திரியில் போனால் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும்.

ஆனால் ஏணையில் அந்தச் சுருண்ட கிடைதான் கவலை. கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் படிந்தால் சின்ன மூச்சுக்குழல் அடைபடும். தலையைத் தானே நிமிர்த்த பச்சைக் குழந்தையால் முடியாது. துணி மூக்கில் ஒட்டினாலும் சத்தமே வராது.

தொட்டிலுக்குப் பழக்குவதைக் காலை நேரத் தூக்கத்தில் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஏணைக்குப் பதில் மடியில் வைத்து ஆட்டி, தூங்கியதும் தொட்டிலில் போடுங்கள். பிறகு, கண் சொக்கும்போதே ஆட்டத்தை நிறுத்திப் படுக்க வையுங்கள். முதலில் கால், பிறகு இடுப்பு, முதுகு, கடைசியில்தான் தலை. தலை முதலில் தாழ்ந்தால் விழுவதுபோல் கைகளை விரித்துத் திடுக்கிடும்; இது சுமார் நாலு மாதம் வரை இருக்கும். நெஞ்சில் கையை ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்து மெல்ல எடுங்கள். முக்கால் மணி நேரத்தில் முனகினால் உடனே தூக்காதீர்கள். பாதித் தூக்கத்தில் முனகுவதுதான் அது, பல நேரம் தானே அடங்கிவிடும். பகலில் பழகிய பிறகு ராத்திரி. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசி போடும் வாரத்தில் மட்டும் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை சிறியது. இலவம்பஞ்சு அமுங்கும், அழுத்தமான தென்னை நார் மெத்தை நல்லது. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு சிறிது நேரம் குப்புறப் போட்டாலே தலை தட்டையாவது குறையும். கழுத்துப் பாசிமணியைத் தூங்கும்போது கழற்றுங்கள். அம்மாவின் வாசம் வேண்டுமென்றால் பழம்புடவையை உள்ளே போடாதீர்கள். விரிப்பில் நீங்கள் ஒரு ராத்திரி படுத்து, அதையே மெத்தையில் இறுக்கமாக விரியுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில், கரண்ட் போன ராத்திரியில் குழந்தை அழுதால் முதலில் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் தொட்டில் மேல் குற்றமில்லை, ஒரு துணியைக் குறையுங்கள். ரப்பர் ஷீட் சூடேறும். இடுப்புக்கு மட்டும், பருத்தி விரிப்புக்கு அடியில் போதும். கொசுவலை தளர்ந்து முகத்தில் விழாமல் தொட்டிலுக்கு வெளியே இழுத்துக் கட்டுங்கள். சாம்பிராணிப் புகை அந்த அறையிலேயே வேண்டாம்.

குறைந்தது ஆறு மாதம் தொட்டில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். குழந்தை உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டை இறக்குங்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் முன் அது கடைசிப் படிக்குப் போயிருக்க வேண்டும்.