மாத்திரை அட்டையின் பின்பக்கம்: மருந்து விலையை வைப்பது யார், கவுண்டரில் நாம் என்ன கேட்கலாம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் ஆறு வருடம் கவுண்டரில் நின்றவன் நான். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா வாரம் ஒருமுறை வருவார். சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதியிருப்பார். அவரோ அன்றைய வியாபாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுப்பா" என்பார். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டுவோம். தேதியும் விலையும் அச்சிட்ட பக்கம் எங்களிடம் தங்கிவிடும். வெறும் பக்கம் அவருடைய சுருக்குப்பைக்குள் போகும். அந்த மாத்திரையின் விலையை அவர் ஒருநாளும் அட்டையில் பார்த்ததில்லை. யார் அதை வைத்தார்கள் என்று கேட்டதும் இல்லை. மருந்து விலை என்றால் ஏதோ சாமி வைத்தது மாதிரி.

சாமி வைத்ததில்லை. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை என்று ஒன்று இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2013-ஆம் ஆண்டு ஆணை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-ன் கீழ் வந்தது. அதை நடத்துவது டெல்லியில் இருக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். இது 1997-லிருந்து இருக்கிறது.

இந்த ஆணை மருந்துகளை இரண்டாகப் பிரிக்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் இருப்பவை ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. காய்ச்சலுக்கான பாராசிட்டமால், சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் எல்லாம் இதில் உண்டு. பட்டியலில் குறிப்பிட்டிருக்கும் அளவிலும் வடிவிலும் இருக்கும் மருந்துக்கு ஆணையம் ஒரு உச்ச விலை வைக்கும். அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் விற்க முடியாது.

அந்த உச்ச விலையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் கடைக்காரருக்கு என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்று பார்ப்பார்கள். அந்த விலைகளின் சராசரியை எடுத்து, மேலே கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே மாத்திரையின் பத்து கொண்ட அட்டையை நான்கு கம்பெனிகள் 10, 20, 30, 60 ரூபாய்க்குக் கடைக்குக் கொடுக்கின்றன. சராசரி 30. கூட 16 சதவீதம், ஆக 34 ரூபாய் 80 காசு. அப்புறம் ஜி.எஸ்.டி. தனி. 60 ரூபாய்க்காரர் இறங்கி வந்தாக வேண்டும், அதுவரைக்கும் நல்லது. 10 ரூபாய்க்காரர் இதைச் சாக்காக வைத்து 34-க்கு ஏறவும் முடியாது, பழைய விலையிலேயே இருக்க வேண்டும் என்று ஆணை சொல்கிறது. அதுவும் நல்லதே.

ஆனால் 10 ரூபாய்க்குக் கொடுப்பவர் நஷ்டத்துக்கா கொடுக்கிறார்? அவருக்கும் அதில் லாபம் இருக்கத்தானே செய்யும். அப்படியென்றால் 34 ரூபாய் என்பது நியாய விலை அல்ல. கம்பெனிகள் ஏற்கெனவே வைத்திருந்த விலைகளிலிருந்து பிறந்த விலை. இதற்கு முன்னால் இருந்த 1995 ஆணை வேறு மாதிரி. அதில் 74 மூலப்பொருட்கள்தான் இருந்தன, ஆனால் தயாரிக்க என்ன செலவாகிறது என்பதிலிருந்து கணக்கு தொடங்கியது. 2013-ல் பட்டியல் நீண்டது, கணக்கு சந்தைக்கு மாறியது. என்னைக் கேட்டால், ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டியல் மருந்துகளின் விலை வருடா வருடம் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி மாறும். 2022-ல் 10.77 சதவீதமும் 2023-ல் 12.12 சதவீதமும் ஏற அனுமதி கிடைத்தது. 2024-ல் வெறும் 0.00551 சதவீதம். 2025-ல் 1.74. "அரசாங்கமே மருந்து விலையை ஏத்திடுச்சு" என்று ஏப்ரல் தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதைத்தான்.

பட்டியலில் இல்லாதவற்றுக்கு உச்ச விலை கிடையாது. கம்பெனி தான் நினைத்த விலையில் அறிமுகப்படுத்தலாம். அப்புறம் 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மெட்ஃபார்மின் பட்டியலில் உண்டு. சுகருக்கான இன்னொரு மருந்து கிளிமிபிரைடும் உண்டு. இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தால் அந்தக் கலவை பட்டியலில் இல்லை. அந்த அம்மாவுக்கு எழுதியிருந்த சுகர் மாத்திரை இப்படிப்பட்ட கலவைதான். புதிய கலவைகளுக்கு ஆணையத்திடம் சில்லறை விலை வாங்க வேண்டும் என்ற விதி இருந்தாலும், பட்டியல் தரும் பிடிமானம் அதில் வராது. கலவை மாத்திரையே தப்பு என்று சொல்லவில்லை, இரண்டு விழுங்குவதற்குப் பதில் ஒன்று விழுங்குவது பலருக்கு வசதி. ஆனால் விலை வித்தியாசத்தை டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, லாபம் எங்கே இருக்கிறது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஜெனரிக் அட்டைகளில், அதாவது காப்புரிமை முடிந்த மருந்தைப் பெரிய பிராண்டு பெயர் இல்லாமல் விற்கும் அட்டைகளில், எம்.ஆர்.பி. பெரிய பிராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கடைக்கு வரும் பில்லைப் பார்த்தால் அதில் கால்வாசிகூட இருக்காது. நடுவில் இருக்கும் பணம் கடைக்கு. இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கும் தைரியம் இங்கிருந்துதான் வருகிறது. அச்சிட்ட விலைக்கு உள்ளேதான் விற்கிறார்கள், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வாடகை, ஃபிரிட்ஜ் கரண்டு, மருந்தாளுநர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான்.

தோசைக் கடையில் விலை அதிகம் என்றால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போவோம். மருந்தில் அது நடக்காது. எழுதுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் மூன்றாமவர். அதனால் கம்பெனி போட்டி போடுவது நம்மைக் கவர அல்ல, முதல் இருவரைக் கவர. டாக்டர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளை மருந்து கம்பெனிகள் வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. அந்தப் பரிசுகளின் செலவு மருந்து விலையிலேயே ஏற்றப்படுகிறது, கடைசியில் நோயாளிதான் கட்டுகிறார் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு விற்பனை நெறிமுறையும் வெளியிட்டது. பரிசு கூடாது, டாக்டருக்கும் குடும்பத்துக்கும் சுற்றுலா கூடாது என்கிறது. புகாரை விசாரிப்பது யார் என்று பார்த்தால், கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழு.

ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, லாபம் இல்லாவிட்டால் புது மருந்து வராது என்பது கம்பெனிகளின் வாதம். புது மருந்துக்கு அது ஓரளவு நியாயம். 1957-லேயே பிரான்சில் சுகருக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்ட மெட்ஃபார்மினுக்கு இன்று என்ன ஆராய்ச்சிச் செலவு?

புது மருந்திலும் ஒரு எல்லை உண்டு என்பதைக் காட்டிய வழக்கு நம் ஊரில்தான் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்கு, கிளிவெக் என்ற பெயரில், நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதலாக வேலை செய்தால்தான் காப்புரிமை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அந்த மனு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் மருந்து, மற்ற கம்பெனிகள் தயாரித்தபோது பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸில் போகும்போது தெரிகிற அந்த உயர் நீதிமன்றச் சிவப்புக் கட்டடத்துக்கும் இந்த விலைக்கும் தொடர்பு உண்டு என்று பலருக்குத் தெரியாது.

இனி, கம்மி விலைக்கு எங்கே போவது?

முதலில் காசே இல்லாமல் கிடைப்பது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும், தண்டையார்பேட்டை அரசு புறநகர் மருத்துவமனையிலும், ஏரியாவில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுக்கும் மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குபவை. 1994-ல் தொடங்கிய கழகம் இது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விடும், மாவட்டக் கிடங்குகளில் வைக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒதுக்கிய தொகையை எழுதிய பாஸ்புக் கொடுத்து, அந்தக் கணக்குக்குள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும். மொத்தமாக வாங்குவதால் விலை கடைவிலையோடு ஒப்பிடவே முடியாத அளவு இறங்கும். பின்னால் ராஜஸ்தான் உட்படப் பல மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தொடங்கின. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும் அந்த அட்டையை நம் ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். கழகம் சோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டுத்தான் மருந்தை வெளியே விடுகிறது.

அந்த அம்மாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். "ஸ்டான்லி போனா வரிசையில அரை நாள் போயிடும்பா, அன்னிக்கு மீன யாரு விக்கிறது?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னால், 2021 ஆகஸ்டில், மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம். உங்கள் தெருவில் வருகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயர் கொடுக்கலாம்.

அடுத்தது, காசு கொடுத்து ஆனால் குறைவாக. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-லிருந்து இருக்கின்றன; பிராண்டு விலையில் 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. கூட்டுறவு சங்கங்களும், பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களும் நடத்தும் கடைகள் இவை. வருமானச் சான்று எதுவும் வேண்டாம். டாக்டர் சீட்டு மட்டும் போதும்.

சீட்டில்தான் சிக்கலே. பிராண்டு பெயரை எழுதியிருந்தால், டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்துகளில் கடைக்காரர் தானாக வேறு பிராண்டை மாற்றித் தரக் கூடாது என்பது மருந்து விதி. அது நல்லதுக்குப் போட்ட விதி, ஆனால் நம் கையையும் கட்டிவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டிய இடம் கவுண்டர் அல்ல, டாக்டர் மேசை. "மருந்தோட பேரையே பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்கலாம். பிராண்டு பெயரை அல்ல, மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில், 2016 திருத்தத்துக்குப் பின், இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றாதீர்கள்.

ஜெனரிக் வேலை செய்யுமா என்ற சந்தேகம் அடியோடு பொய் இல்லை. ரத்தத்தில் சரியாகச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு 2017-ல்தான் கட்டாயமானது. ஆனால் நம் நாட்டில் பெரிய பிராண்டு என்று வாங்குவதில் பெரும்பாலானவையும் காப்புரிமை முடிந்த ஜெனரிக்தான். மேலே பெயர் மட்டும் தனி.

கவுண்டரில் உங்களுக்கு இருக்கும் உரிமைகளுக்கு வருவோம். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. அட்டையில் ஒரு விலை, கம்பெனியின் நடப்பு விலைப்பட்டியலில் வேறு விலை என்றால், எது குறைவோ அதுதான் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது இந்த விதி முக்கியமானது; அட்டையில் பழைய விலை இருந்தாலும் புதிய விலைப்பட்டியலைக் கேட்கலாம். விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைப்பது கடையின் கடமை. அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் மருந்தை வெட்டி வாங்கினால் அட்டை விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்த கணக்குக்கு மேல் வாங்கக் கூடாது. வெட்டிய துண்டோடு பேட்ச் எண், காலாவதி தேதி எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள். அந்த அம்மாவுக்கு நாங்கள் பெரும்பாலும் பில் போட்டதில்லை. அவர் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவில்லை.

உச்ச விலையைச் சரிபார்க்க ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலி இருக்கிறது. அதிக விலை என்றால் ஆணையத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி உச்ச விலையைத் தாண்டியிருந்தால் கூடுதலாக வாங்கியதை ஆணையம் வட்டியோடு வசூலிக்கும். அந்தப் பணம் போவது அரசு கணக்குக்கு. நம் பாக்கெட்டுக்கு வராது. நம் காசு நமக்கே திரும்ப வேண்டும் என்றால் நுகர்வோர் வழிதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பில்லும், அட்டையில் விலை அச்சிட்ட அந்தப் பக்கத்தின் போட்டோவும் இருந்தால் வேலை சுலபம்.